டெண்டுல்கர்கள்: ஒரே பெயர், பல மனிதர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெண்டுல்கர் என்றதும் எல்லோருக்கும் ஒரே முகம்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை, ஆனால் அதே பெயரோடு ஒரு பெரிய நாடகாசிரியர், வறுமைக்கோட்டை மாற்றி எழுதிய பொருளாதார அறிஞர், காந்தியின் வாழ்க்கையை எட்டுத் தொகுதிகளாக எழுதியவர், பெர்லினில் வாழ்ந்த பத்திரிகையாளர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஊர்ப் பெயரிலிருந்து. மராட்டியத்தில், அதிலும் கொங்கண் கரையோரத்தில், ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் வைப்பது பழைய வழக்கம். டெண்டுல்கர் என்ற பெயர் சிந்துதுர்க் மாவட்டத்தில் குடால் பக்கம் இருக்கும் தெண்டோலி என்ற ஊரிலிருந்து வந்தது என்பார்கள். மங்கேஷ்கர் பெயரும் இப்படித்தான். லதா மங்கேஷ்கரின் அப்பா தீனாநாத்தின் குடும்பப் பெயர் முதலில் ஹர்டிகர். கோவாவில் மங்கேஷி கோயில் இருக்கும் தன் ஊரின் பெயரை அவர் சூட்டிக்கொண்டார். அம்பேத்கர் பெயருக்குப் பின்னாலும் அம்பாடவே என்ற ஊர் இருக்கிறது.

ஊர் சிறியது என்றால் பெயரும் அரிதாகவே இருக்கும். மராட்டியத்தில் பாட்டீல், ஜோஷி, குல்கர்ணி போன்ற பெயர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். டெண்டுல்கர் அப்படியல்ல. இவ்வளவு அரிதான ஒரு பெயரில் இத்தனை பேர் பெயர் பெற்றிருக்கிறார்கள் என்பதுதான் என்னை இந்த விஷயத்தின் பக்கம் இழுத்தது.

அப்படியென்றால் எல்லோரும் ஒரே குடும்பமா?

இல்லை. ஒரே ஊர்ப் பெயரைத் தாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். பல தலைமுறைகளுக்கு முன்பு ஊரைவிட்டுக் கிளம்பிய வெவ்வேறு குடும்பங்கள் அந்தப் பெயரைக் கூடவே எடுத்துப் போயிருக்கும்.

உறவா இல்லையா என்று பார்க்க மராட்டியப் பெயர்களில் ஒரு நல்ல வசதி உண்டு. தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுதுவார்கள். நாம் இனிஷியலாக முன்னால் வைப்பதை அவர்கள் முழுப் பெயராக நடுவில் வைக்கிறார்கள். சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் என்றால் அப்பா ரமேஷ். விஜய் தோண்டோபந்த் டெண்டுல்கர் என்றால் அப்பா தோண்டோபந்த். தீனாநாத் கோபால், ஆயி கண்பத் என்று ஒவ்வொருவருக்கும் நடுப்பெயர் வேறு. ஆகவே கடைசிப் பெயரைப் பார்த்து முடிவுக்கு வராமல் நடுப்பெயரைப் பாருங்கள். இந்தப் பட்டியலில் உண்மையான குடும்ப உறவு இரண்டு இடங்களில்தான் வருகிறது: நாடகாசிரியர் விஜயின் வீடு, கிரிக்கெட் வீரர் சச்சினின் வீடு.

விஜய் டெண்டுல்கர் சச்சினுக்கு என்ன உறவு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இருவரும் தனித்தனிக் குடும்பம். இருவருமே மும்பையில் வாழ்ந்தவர்கள், சச்சினின் அப்பாவும் மராத்தி இலக்கியவாதி என்பதால் குழப்பம் வருகிறது.

சரி, விஜய் டெண்டுல்கர் அப்படி என்ன செய்தார்?

சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்திய நாடகம் என்று பேசினால் பாதல் சர்க்கார், மோகன் ராகேஷ், கிரீஷ் கர்னாட் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டிய பெயர். 1928 ஜனவரி 6இல் பிறந்தவர். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்தபோது அவருக்கு 14 வயது. அதில் இறங்கிப் பள்ளிப் படிப்பை விட்டார். பிறகு பத்திரிகை வேலை, கூடவே நாடகம்.

அவர் நாடகங்களில் நல்லவன், கெட்டவன் என்று கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்க மாட்டார். சாதாரண நடுத்தர வர்க்கத்து மனிதர்கள் ஓர் அறையில் கூடுவார்கள். சிரிப்பார்கள், கேலி பேசுவார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஆட்கள் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு குதறுவார்கள். 1967இல் மேடையேறிய 'சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே' ('அமைதி! நீதிமன்றம் நடக்கிறது') நாடகத்தில் நடப்பது அதுதான். ஒரு கிராமத்துக்கு நாடகம் போட வந்த குழு, பொழுது போகாமல் ஒரு பொய் வழக்கு நடத்தி விளையாடுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் லீலா பெனாரே, திருமணமாகாத பள்ளி ஆசிரியை. விளையாட்டுக்குச் சுமத்திய குற்றச்சாட்டு மெல்ல மெல்ல அவளுடைய சொந்த வாழ்க்கைக்குள் நுழைகிறது. கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்திருக்கிறோம் என்பது நமக்குத் தாமதமாகத்தான் உறைக்கும்.

'சகாராம் பைண்டர்' (1972) இன்னும் கடுமையானது. புத்தகம் பைண்டு செய்யும் சகாராம், கணவனால் கைவிடப்பட்ட பெண்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து வந்து, தான் வைத்ததே சட்டம் என்று வாழ்பவன். தணிக்கை வாரியம் தடுத்தது. இயக்குநர் கமலாகர் சாரங் நீதிமன்றத்துக்குப் போய் மீட்டுக்கொண்டு வந்தார். 'கமலா' (1981) நாடகம், பெண்கள் விற்கப்படுவதை நிரூபிக்க ஒரு பத்திரிகையாளர் உண்மையிலேயே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கிக் காட்டிய சம்பவத்திலிருந்து பிறந்தது. அதில் விஜய் அந்தப் பெண்ணின் கதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவளை வாங்கி வந்தவனின் மனைவி அந்த வீட்டில் என்னவாக இருக்கிறாள் என்றும் கேட்டார்.

1984இல் பத்மபூஷண், 'கன்யாதான்' நாடகத்துக்காக 1993இல் சரஸ்வதி சம்மான். வன்முறை சமூகத்தில் எப்படி முளைக்கிறது என்பதை ஆராய நேரு ஃபெலோஷிப் பெற்று அலைந்ததும் உண்டு. 2008 மே 19இல் புனேயில் காலமானார்.

'காசிராம் கோத்வால்' நாடகத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

கதையைச் சொன்னாலே புரிந்துவிடும். பேஷ்வாக்கள் காலத்துப் புனே. வட இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த காசிராமை ஊர் பிராமணர்கள் திருடன் என்று அடித்து அவமானப்படுத்தித் துரத்துகிறார்கள். பழிவாங்கத் துடிக்கும் அவன், தன் மகளையே அதிகாரம் மிக்க அமைச்சர் நானா பட்னவீஸிடம் ஒப்படைத்து, பதிலுக்கு நகரக் காவல் தலைவர் பதவியை வாங்குகிறான். பிறகு ஊரையே நடுங்க வைக்கிறான். வேலை முடிந்ததும் நானா அவனைக் கூட்டத்துக்கு இரையாக்கிவிட்டுக் கை கழுவிக்கொள்கிறார்.

வரலாற்று நாயகராக மதிக்கப்பட்ட நானாவை இப்படிக் காட்டியதும், பிராமணர்களைச் சித்திரித்த விதமும் புனேயில் கொந்தளிப்பை உண்டாக்கின. 1972 டிசம்பர் 16இல் ஜப்பார் படேல் இயக்கத்தில் அரங்கேறிய நாடகம், 19 காட்சிகளோடு அதை நடத்திய நாடகக் குழுவுக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. நடித்தவர்கள் பிரிந்து 'தியேட்டர் அகாடமி' என்ற புதுக் குழுவைத் தொடங்கி மறுபடி மேடையேற்றினார்கள். 1980இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோதும் எதிர்ப்பு கூடவே வந்தது.

என் கருத்தில் அதன் உண்மையான வலு மேடை அமைப்பில் இருக்கிறது. திரைச்சீலை கிடையாது. வரிசையாக ஒரு டஜன் ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று பாடி ஆடுகிறார்கள். அவர்கள்தான் திரை. முதுகைக் காட்டித் திரும்பினால் சுவர். விலகினால் உள்ளே நானாவின் லீலைகள். திரும்பவும் சேர்ந்துகொண்டால் எல்லாம் மறைந்துவிடும், பக்திப் பாட்டுத் தொடரும். அநியாயத்தை ஊரே சேர்ந்து மறைக்கிறது என்று வசனத்தில் சொன்னால் பிரசங்கம் ஆகிவிடும். அந்த மனிதச் சுவர் ஒரு வார்த்தை இல்லாமல் அதைக் காட்டிவிடுகிறது.

சினிமாவிலும் எழுதினாரா?

எழுதினார், அதுவும் முக்கியமான படங்களுக்கு. ஷியாம் பெனகலின் 'நிஷாந்த்', 'மந்தன்', கோவிந்த் நிஹலானியின் 'ஆக்ரோஷ்', 'அர்த் சத்யா' ஆகியவற்றின் திரைக்கதையில் அவர் கை இருக்கிறது. ஓம் புரி நடித்த 'அர்த் சத்யா' (1983) படத்தின் போலீஸ் அதிகாரியைப் பார்த்தால் சகாராமை எழுதியவர்தான் இதையும் எழுதினார் என்று சொல்லிவிடலாம். குஜராத் பால் கூட்டுறவைப் பற்றிய 'மந்தன்' படத்துக்கு 5 லட்சம் விவசாயிகள் தலைக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். அந்தத் திரைக்கதைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

தூர்தர்ஷன் 'ரஜனி' தொடரில் நடித்த பிரியா டெண்டுல்கர்?

விஜயின் மகள். 1985இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய அந்தத் தொடரில், அநியாயத்தைக் கண்டால் சும்மா விடாத குடும்பத் தலைவியாக வந்தார். சிலிண்டர் கொண்டுவருபவர், டாக்சி ஓட்டுநர், அரசு அலுவலகம் என்று வாரம் ஒரு பிரச்சினை. தங்களைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று டாக்சி ஓட்டுநர்களே எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்கு அது மக்களைத் தொட்டது. நுகர்வோர் உரிமை என்ற பேச்சே அதிகம் இல்லாத காலம் அது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது அடுத்த ஆண்டு, 1986இல். பிரியா மராத்தியில் சிறுகதைகளும் எழுதினார், பிற்காலத்தில் தன் பெயரிலேயே தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சியும் நடத்தினார். 2002 செப்டம்பரில், 47 வயதில் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் விஜய் தன் மனைவியையும் மகனையும் இழந்திருந்தார்.

அந்த வீட்டில் ஒரு கார்ட்டூனிஸ்டும் உண்டா?

ஆமாம், விஜயின் தம்பி மங்கேஷ் டெண்டுல்கர். புனேக்காரர்களுக்கு அவர் போக்குவரத்துச் சிக்னலில் நிற்கும் பெரியவராகவே பழக்கம். சாலை விதிகளைப் பற்றித் தானே வரைந்த கேலிச்சித்திர வாழ்த்து அட்டைகளைத் தீபாவளிச் சமயத்தில் சிக்னலில் நின்று வண்டியோட்டிகளுக்குக் கொடுப்பார். 2017இல் காலமானார்.

'டெண்டுல்கர் குழு' என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அது யார்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தவறாமல் கேட்பது. அவர் சுரேஷ் டெண்டுல்கர், பொருளாதார அறிஞர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, டெல்லி பொருளாதாரப் பள்ளியில் நீண்ட காலம் பாடம் நடத்தியவர். தேசியப் புள்ளியியல் ஆணையத்துக்கும், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்கும் தலைவராக இருந்தவர். வறுமையை எப்படி அளப்பது என்று ஆராய்ந்த அவரது நிபுணர் குழு 2009இல் அறிக்கை கொடுத்தது.

அதுவரை இருந்த முறை கலோரிக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. கிராமத்தில் ஒருவருக்கு நாளுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100. 1973–74இல் அந்த அளவு சாப்பிட முடிந்தவர்கள் என்ன செலவு செய்தார்கள் என்று பார்த்து, அதையே விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அரசு கொடுக்கும் என்ற நினைப்பு அதற்குள் இருந்தது. ஆனால் ஏழைகளும் டியூஷனுக்கும் டாக்டருக்கும் கைக்காசு கொடுக்கும் காலம் வந்துவிட்டது. டெண்டுல்கர் குழு கலோரியைக் கோட்டின் அச்சாக வைப்பதை விட்டது. கல்விச் செலவையும் மருத்துவச் செலவையும் கணக்கில் சேர்த்தது. கிராமத்துக்கு ஒரு கூடை, நகரத்துக்கு ஒரு கூடை என்று பிரிக்காமல் இரண்டுக்கும் ஒரே நுகர்வுக் கூடையை, அதாவது மக்கள் வாங்கும் பொருள்களின் பட்டியலை, வைத்து, அந்தந்த இடத்து விலையில் கணக்கிட்டது.

அவர்தானே வறுமைக்கோட்டை 32 ரூபாய்க்கு இறக்கினார்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நடந்தது நேர் எதிரானது. 2004–05ஆம் ஆண்டுக்குப் பழைய முறையில் கிராமத்து வறுமைக்கோடு மாதம் ரூ.356.30. டெண்டுல்கர் குழு அதை ரூ.446.68 ஆக உயர்த்தியது. நகரத்தில் ரூ.538.60 இருந்தது ரூ.578.80 ஆனது. கோடு உயர்ந்ததால் அதற்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. நாட்டின் ஏழைகள் 27.5 சதவீதம் என்றது பழைய கணக்கு, 37.2 சதவீதம் என்றது இவர் கணக்கு. கிராமங்களில் மட்டும் பார்த்தால் 28.3 சதவீதம் 41.8 ஆனது. கணக்கில் வராமல் விடுபட்டிருந்த கோடிக்கணக்கான கிராமத்து ஏழைகளை அந்த அறிக்கை கணக்குக்குள் கொண்டுவந்தது.

32 ரூபாய் சர்ச்சை 2011 செப்டம்பரில் வந்தது. திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், அதே முறையை அன்றைய விலைக்கு ஏற்றி, நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்று சொன்னது. இதில் ஒருவர் எப்படி வாழ்வது என்று நாடே கொதித்தது. கொதித்தது நியாயம்தான், அந்தத் தொகையில் மனிதர் வாழ முடியாது. உதவித் திட்டங்களை இந்தக் கோட்டோடு கட்டிப்போடலாமா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் சுரேஷ் டெண்டுல்கர் அந்த ஆண்டு ஜூனிலேயே இறந்துவிட்டார். தன் பெயரில் நடந்த அந்த விவாதத்துக்குப் பதில் சொல்ல அவர் இல்லை.

பிறகு அதே முறையில் 2011–12க்குக் கிராமம் மாதம் ரூ.816, நகரம் ரூ.1,000 என்று கணக்கிட்டு, ஏழைகள் 21.9 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2014இல் ரங்கராஜன் குழு கோட்டை இன்னும் உயர்த்தி 29.5 சதவீதம் என்றது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொகைகள் எல்லாம் ஒருவர் செய்யும் செலவு, வருமானம் அல்ல.

காந்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டெண்டுல்கர்?

டி. ஜி. டெண்டுல்கர், அதாவது தீனாநாத் கோபால். 'மகாத்மா' என்ற அவரது எட்டுத் தொகுதிகள் 1951 முதல் 1954 வரை ஆங்கிலத்தில் வெளிவந்தன. முன்னுரை நேரு. காந்தி ஆய்வாளர்கள் இன்றும் இதைப் புரட்டாமல் இருக்க மாட்டார்கள். காரணம், தன் அபிப்பிராயத்தை முன்னால் தள்ளாமல் காந்தியின் பேச்சையும் எழுத்தையும் ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டே போகிறார். சுவாரசியமாகப் படித்துப் போக விரும்புகிறவருக்கு அது கொஞ்சம் வறட்சியாகத் தோன்றலாம். ஒரு குறிப்பிட்ட மாதத்தில் காந்தி என்ன சொன்னார் என்று தேடுகிறவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. சம்பாரண் போராட்டத்தைப் பற்றியும் கான் அப்துல் கஃபார் கானைப் பற்றியும் தனி நூல்கள் எழுதியிருக்கிறார்.

ஜெர்மன் சினிமாவோடு தொடர்புள்ள ஒரு டெண்டுல்கரும் உண்டாமே?

உண்டு, இந்தப் பட்டியலிலேயே நம்ப முடியாத வாழ்க்கை அவருடையதுதான். ஆயி கண்பத் டெண்டுல்கர், பெல்காம் பக்கத்துக்காரர். ஜெர்மனிக்குப் படிக்கப் போய் அங்கேயே பத்திரிகையாளர் ஆனார். 'மெட்ரோபோலிஸ்' படத்தின் கதையை எழுதிய தியா ஃபான் ஹார்பூ, இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கை 1933இல் விவாகரத்து செய்த பிறகு இவரை ரகசியமாக மணந்தார். நாஜி ஆட்சியில் ஓர் இந்தியரை வெளிப்படையாக மணக்க அவரால் முடியவில்லை. பெர்லினில் இருந்த இந்திய மாணவர்களுக்கும் அவர் உதவியாக இருந்தார்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஆயி ஊர் திரும்பிப் பத்திரிகை நடத்தினார், ஆங்கில அரசு சிறையில் போட்டது. இங்கே இந்துமதி குணாஜி என்ற காந்தியவாதிப் பெண்ணோடு காதல். காந்தியிடம் ஆசி கேட்டுப் போனால், ஐந்து ஆண்டுகள் காத்திருங்கள் என்றார் அவர். காத்திருந்தார்கள், இருவருமே சிறைக்கும் போய்வந்தார்கள். 1945இல் சேவாகிராமத்தில் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது. இந்தக் கதையை அவர்களுடைய மகள் லட்சுமி டெண்டுல்கர் தௌல் பின்னாளில் புத்தகமாக எழுதினார்.

இவரையும் டி. ஜி. டெண்டுல்கரையும் ஒருவர் என்று நினைத்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு. இருவர் வாழ்க்கையிலும் காந்தி வருவதுதான் காரணம். ஆயி வேறு, தீனாநாத் வேறு.

சச்சினின் அப்பாவும் எழுத்தாளர் என்கிறார்களே?

ரமேஷ் டெண்டுல்கர் மராத்திக் கவிஞர், கல்லூரிப் பேராசிரியர். பாந்த்ராவில் 'சாகித்ய சகவாஸ்' என்று எழுத்தாளர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு ஒன்று உண்டு. சச்சின் வளர்ந்தது அங்கேதான். இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மன் நினைவாக மகனுக்குப் பெயர் வைத்ததும் ரமேஷின் ரசனையைக் காட்டுகிறது. 1999 உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது, மே 19இல் அவர் காலமானார். சச்சின் இங்கிலாந்திலிருந்து வந்து இறுதிச் சடங்கை முடித்துத் திரும்பி, நான்கே நாளில், மே 23 அன்று, பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 எடுத்தார். சதம் அடித்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்த காட்சியை அன்று டிவி பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சச்சினின் சாதனைகளைச் சுருக்கமாக?

200 டெஸ்ட்களில் 15,921 ரன், 51 சதம். 463 ஒருநாள் போட்டிகளில் 18,426 ரன், 49 சதம். நூறாவது சர்வதேசச் சதம் 2012 மார்ச் 16, மிர்பூர். பாரத ரத்னா பெற்ற முதல் விளையாட்டு வீரர். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மகன் அர்ஜுன்?

இடக்கை வேகப்பந்து வீச்சாளர், மும்பையிலிருந்து கோவா அணிக்கு மாறியவர். 2022 டிசம்பரில் தன் முதல் ரஞ்சிப் போட்டியில் ராஜஸ்தானுக்கு எதிராக 120 அடித்தார். 1988 டிசம்பரில் 15 வயது சச்சினும் தன் முதல் ரஞ்சிப் போட்டியில் குஜராத்துக்கு எதிராகச் சதம் அடித்திருந்தார். 2023இல் மும்பை இந்தியன்ஸுக்காக இறங்கியபோது, ஐபிஎல்லில் ஆடிய முதல் அப்பா-மகன் ஆனார்கள்.

டெண்டுல்கர் பெயர் வேறு எதற்காவது சூட்டப்பட்டிருக்கிறதா?

2025 முதல் இங்கிலாந்து-இந்தியா டெஸ்ட் தொடருக்கான கோப்பை ஆண்டர்சன்-டெண்டுல்கர் கோப்பை. குஜராத்தில் கண்டுபிடிக்கப்பட்ட தாவும் சிலந்தி வகை ஒன்றுக்கு 'மரெங்கோ சச்சின்டெண்டுல்கர்' என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். சுரேஷின் பெயர் 'டெண்டுல்கர் முறை' என்று பொருளாதாரப் பாடத்தில் நிலைத்துவிட்டது.

மற்ற டெண்டுல்கர்களில் ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

தயங்காமல் விஜயிடம் தொடங்குங்கள். நாடகம் படித்துப் பழக்கமில்லை என்றால் 'மந்தன்' பாருங்கள். சீர்செய்யப்பட்டு 2024இல் கான் விழாவில் திரையிடப்பட்ட படம். அப்புறம் 'சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே' நாடகத்தை உங்களுக்குப் பழக்கமான எந்த மொழிபெயர்ப்பில் கிடைத்தாலும் எடுத்துப் படியுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். கடைசியில் லீலா பெனாரே பேசும் நீண்ட வசனத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.